நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி: இனிப்பு மாத்திரையும் ஓர் இரவு நடுக்கமும்

வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதம் இது. அவர் யாரென்று தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

"டாக்டர், எனக்கு வயது 47. எடை 64 கிலோ. எட்டு மாதங்களுக்கு முன்பு சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரையைக் காலையில் ஒன்று, இரவில் ஒன்று சாப்பிடுகிறேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சர்க்கரை வாங்குவதே இல்லை. ஒரு நாளைக்கு ஐந்து முறை காபியோ டீயோ குடிப்பேன். ஒவ்வொரு முறையும் இரண்டு இனிப்பு மாத்திரை போடுவேன். சுகர் ஃப்ரீ பிஸ்கட்டும் சாக்லேட்டும் பயமில்லாமல் சாப்பிடுகிறேன். இப்போது என் மகள், 'இதெல்லாம் புற்றுநோய் வரவழைக்கும், தூக்கிப் போடு' என்று சண்டை போடுகிறாள். நாத்தனார், 'ஸ்டீவியா இலையின் இனிப்பு இயற்கையானது, இல்லையென்றால் தேன் போட்டுக்கொள்' என்கிறார். கணவருக்கு இரண்டு வருடங்களுக்கு முன்பு ஸ்டென்ட் வைத்தார்கள். அவருக்கும் சேர்த்து எரித்ரிட்டால் என்ற இனிப்புத் தூளில் கேக் செய்து தருகிறேன். ஒன்பது வயது மகனுக்கு இந்த நோய் வந்துவிடக் கூடாது என்று பாலில் இனிப்பு மாத்திரைதான் போடுகிறேன். இரண்டு மாதமாக எனக்கு வயிறு உப்புசம், பேதி. மெட்ஃபார்மின் மாத்திரைதான் காரணம் என்று தோன்றுகிறது, நிறுத்திவிடலாமா? போன மாதம் எடை குறைக்கலாம் என்று இரவுச் சாப்பாட்டைத் தவிர்த்தபோது நடு இரவில் வியர்த்து, கை நடுங்கியது. மெஷினில் 58 என்று காட்டியது. கணவர் டயட் பானம் ஒரு டின் கொடுத்தார். அரை மணி நேரம் ஆகியும் அடங்கவில்லை. பிறகு இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டுப் படுத்தேன், சரியாகிவிட்டது. அதை விடுங்கள். இந்த இனிப்பு மாத்திரைகளை வைத்துக்கொள்வதா, தூக்கிப் போடுவதா? அதை மட்டும் சொல்லுங்கள்."

அன்புள்ள சகோதரிக்கு,

மகள் சொல்வதற்கும் நாத்தனார் சொல்வதற்கும் பதில் எழுதுகிறேன். ஆனால் "அதை விடுங்கள்" என்று ஒரு வரியில் தாண்டிப் போனீர்களே, அதை என்னால் விட முடியவில்லை. உங்கள் கடிதத்தில் உண்மையாகவே ஆபத்தான விஷயம் அந்த இரவுதான். அதிலிருந்து தொடங்குகிறேன்.

அந்த இரவில் நடந்தது

நீங்கள் சாப்பிடுவது ஒரே மாத்திரை என்றாலும் உள்ளே இருப்பவை இரண்டு மருந்துகள். மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. கிளிமிபிரைடு அப்படியல்ல. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். அன்று இரவு மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தவிர்த்திருக்கிறீர்கள். ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே போனாலே குறைவு என்று கணக்கு. உங்களுக்கு 58. மூளை அந்த நேரத்தில் கேட்பது குளுக்கோஸ் ஒன்றைத்தான்.

அப்போது கையில் கிடைத்தது டயட் பானம். நாக்குக்கு அது இனிப்புதான். நாக்கில் இருக்கும் இனிப்பு உணர்விகளில் அஸ்பார்டேம், சுக்ரலோஸ் போன்ற செயற்கை இனிப்பு போய் ஒட்டிக்கொண்டால், மூளைக்கு 'இனிப்பு' என்று செய்தி போய்விடும். ஆனால் ரத்தத்துக்குப் போய்ச் சேரும் சர்க்கரை என்று அதில் எதுவும் கிடையாது. மற்ற நாட்களில் அது உங்களுக்கு உதவும் அதே காரணத்தால்தான் அன்று உதவவில்லை. அந்த அரை மணி நேரமும் நீங்கள் வைத்தியம் எதுவும் இல்லாமல் இருந்திருக்கிறீர்கள். வாழைப்பழம் காப்பாற்றியது நல்ல வேளை. அதற்குள் மயங்கியிருந்தால் கதையே வேறு.

வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். வியர்வை, நடுக்கம், படபடப்பு, கண் மங்கல், காரணமில்லாத எரிச்சல் என்று எது வந்தாலும் முதலில் மெஷினில் பாருங்கள். பார்க்க வழியில்லை என்றால் குறைவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 15 கிராம் குளுக்கோஸ் உடனே உள்ளே போக வேண்டும். குளுக்கோஸ் தூள் என்றால் மூன்று டீஸ்பூன் நிறைய எடுத்துத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கலாம். சாதாரண சர்க்கரை என்றால் மூன்று, நான்கு டீஸ்பூன். அதுவும் இல்லையென்றால் சர்க்கரை உள்ள வழக்கமான குளிர்பானமோ பழச்சாறோ அரைத் தம்ளர். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை அதே அளவு. ஏறிய பிறகு ஏதாவது திடமாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் படுக்க வேண்டும். கிளிமிபிரைடின் வேலை அவ்வளவு சீக்கிரம் முடியாது, ஒரு முறை ஏறிய சர்க்கரை இரண்டு மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம். சாக்லேட் இந்த நேரத்துக்கு உதவாது, அதிலிருக்கும் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே ஆம்புலன்ஸ் அழைக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். உங்கள் டாக்டர் பின்னால் எப்போதாவது வோக்லிபோஸ், அகார்போஸ் போன்ற மாத்திரைகளைச் சேர்த்தால், சாதாரண சர்க்கரைகூட அவசரத்துக்கு வேகமாக வேலை செய்யாது. அதை உடைத்து ரத்தத்தில் சேர்க்கும் வேலையைத்தான் அந்த மருந்துகள் தடுக்கின்றன. அப்போது குளுக்கோஸ் மட்டுமே கைகொடுக்கும். ஆகவே சர்க்கரையே நுழையாத உங்கள் வீட்டுக்கு இன்றைக்கே ஒரு குளுக்கோஸ் பாக்கெட் வாங்கி, கட்டில் பக்கத்தில் வையுங்கள். கைப்பையிலும் கொஞ்சம் இருக்கட்டும்.

மகளின் பயம்

உங்கள் மகள் சொல்வது வெறும் வதந்தி இல்லை. 2023 ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அஸ்பார்டேமை 'புற்றுநோயை உண்டாக்கச் சாத்தியம் உள்ளவை' என்ற 2பி பிரிவில் சேர்த்தது. செய்தியைப் பார்த்த எவரும் பயப்படத்தான் செய்வார்கள். ஆனால் அந்த முகமை சொல்வது ஆதாரம் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதை. எவ்வளவு சாப்பிட்டால் எவ்வளவு ஆபத்து என்பது அதன் கேள்வி இல்லை. 2பி என்றால் ஆதாரம் குறைவு, ஆனாலும் ஒதுக்கிவிட முடியவில்லை என்று பொருள். கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

'எவ்வளவு' என்ற கேள்விக்குப் பதில் சொல்வது வேறொரு நிபுணர் குழு. உணவில் சேர்க்கும் பொருட்களை ஆராயும் அந்தக் குழுவும் அதே நாளில் தன் முடிவை வெளியிட்டது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை தினமும், வாழ்நாள் முழுக்க எடுத்துக்கொள்ளலாம் என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்று சொன்னது. உங்கள் 64 கிலோவுக்கு அது 2,560 மில்லிகிராம். இனிப்பு மாத்திரை ஒன்றில் பொதுவாக 20 மில்லிகிராம் அளவில்தான் அஸ்பார்டேம் இருக்கும். (உங்கள் டப்பாவின் பின்பக்கத்தில் சரியான அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) பத்து மாத்திரைக்கு 200. அதாவது வரம்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

"சர்க்கரையைவிட 200 மடங்கு இனிப்பாமே, அப்படியானால் எவ்வளவு வீரியமாக இருக்கும்" என்றும் மகள் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். 200 மடங்கு என்பது நாக்கைப் பற்றிய கணக்கு. அஸ்பார்டேம் ஒரு கிராமுக்கும் சர்க்கரையைப் போல 4 கலோரிதான். 200-ல் ஒரு பங்கு போட்டாலே அதே இனிப்பு வந்துவிடுவதால்தான் கலோரி கணக்கில் வராமல் போகிறது. அது வயிற்றுக்குள் போனதும் இரண்டு அமினோ அமிலங்களாகவும் துளி மெத்தனாலாகவும் உடைகிறது. மெத்தனால் என்றதும் விஷம் என்று தோன்றும், ஆனால் தக்காளிச் சாற்றிலும் பழச்சாறுகளிலும் அது இயல்பாகவே இருக்கிறது. உடைந்து வரும் அமினோ அமிலங்களில் ஒன்றான ஃபினைல்அலனினைச் செரிக்க முடியாதவர்கள் சிலர் உண்டு. ஃபினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு அது. அவர்கள் மட்டும் அஸ்பார்டேமைத் தொடவே கூடாது. டப்பாவில் 'ஃபினைல்அலனின் உள்ளது' என்று அச்சிடுவது அவர்களுக்காக.

மகள் மனதில் சாக்கரின் என்ற இன்னொரு செயற்கை இனிப்பின் கதையும் கலந்திருக்கலாம். 1970-களில் ஆண் எலிகளுக்குச் சாக்கரினை மிக அதிக அளவில் கொடுத்தபோது சிறுநீர்ப்பையில் கட்டி வந்தது. அமெரிக்காவில் 1977 முதல் சாக்கரின் பொருட்களில் எச்சரிக்கை வாசகம் அச்சிட்டார்கள். அந்த எலிகளின் சிறுநீரில் நுண்ணிய படிகங்கள் உருவாகி, பையின் உட்சுவரை உரசிப் புண்ணாக்கியதால் வந்த வினை அது என்றும், மனித உடலில் அப்படி நடப்பதில்லை என்றும் பிறகு தெரிந்தது. 2000-ல் எச்சரிக்கையை நீக்கினார்கள்.

சரி, இதனால் எல்லாமே பத்திரம் என்று முத்திரை குத்திவிடவும் மாட்டேன். 2022-ல் இஸ்ரேல் விஞ்ஞானிகள் வெளியிட்ட ஓர் ஆய்வில், சாக்கரினும் சுக்ரலோஸும் இரண்டு வாரம் எடுத்துக்கொண்ட ஆரோக்கியமானவர்களில் சிலருக்குக் குடல் நுண்ணுயிர்கள் மாறி, உடல் சர்க்கரையைக் கையாளும் விதமும் மாறியது. எல்லோருக்கும் அப்படி ஆகவில்லை. மகளிடம் இதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவள் கேட்பது அக்கறையால்தான்.

'சுகர் ஃப்ரீ' அட்டையின் பின்பக்கம்

இனிப்பு மாத்திரையைவிட, நீங்கள் 'பயமில்லாமல்' சாப்பிடும் பிஸ்கட்தான் உங்கள் சர்க்கரை அளவோடு விளையாடுகிறது. சுகர் ஃப்ரீ என்றால் சர்க்கரை இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். மாவு அப்படியே இருக்கிறது. மாவிலுள்ள ஸ்டார்ச் குடலில் குளுக்கோஸாகத்தான் மாறும். சில பொருட்களில் கனத்துக்காக மால்டோடெக்ஸ்ட்ரின் சேர்ப்பார்கள். அது ரத்தத்தில் சர்க்கரையைப் போலவே வேகமாக ஏறும். பாக்கெட்டைத் திருப்பி, 'மொத்த கார்போஹைட்ரேட்' என்ற வரியைப் பாருங்கள். 'சர்க்கரை: 0' என்ற வரி உங்களுக்குப் பாதி உண்மையைத்தான் சொல்கிறது.

சாக்லேட்டில் வழக்கமாக மால்டிட்டால் இருக்கும். பெயர் 'ஆல்' என்று முடிகிற சார்பிட்டால், மால்டிட்டால், சைலிட்டால் எல்லாம் சர்க்கரை ஆல்கஹால் என்ற வகை. (போதை தரும் ஆல்கஹாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) மால்டிட்டால் கிராமுக்கு 2.1 கலோரி, அதாவது சர்க்கரையில் பாதிக்குச் சற்று மேல். ரத்தச் சர்க்கரையையும் ஓரளவு ஏற்றும். சிறுகுடல் இவற்றை முழுதாக உறிஞ்சாது. மீதி பெருங்குடலுக்குப் போகும், போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும், அங்கே நுண்ணுயிர்கள் அதைப் புளிக்க வைத்து வாயுவாக்கும். உப்புசமும் பேதியும் வரும் வழி இது. பாக்கெட்டின் மூலையில் பொடி எழுத்தில் 'அளவுக்கு அதிகமானால் வயிற்றுப்போக்கு ஏற்படலாம்' என்று இருக்கிறதா, பாருங்கள்.

மெட்ஃபார்மினும் வயிற்றைக் கலக்கக்கூடியதுதான், உங்கள் சந்தேகத்தில் தப்பில்லை. ஆனால் அது பெரும்பாலும் ஆரம்ப வாரங்களில் வரும். நீங்கள் ஆறு மாதம் நன்றாக இருந்துவிட்டு இப்போது இரண்டு மாதமாகச் சிரமப்படுகிறீர்கள். அந்தச் சாக்லேட்டும் சுகர் ஃப்ரீ மிட்டாய்களும் எப்போது வீட்டுக்குள் வந்தன என்று யோசித்துப் பாருங்கள். அவற்றைப் பத்து நாள் முழுதாக நிறுத்துங்கள். மெட்ஃபார்மின் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். பத்து நாள் கழித்தும் பேதி நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். மெதுவாகக் கரையும் மெட்ஃபார்மினுக்கு மாற்றிப் பார்க்க வழி இருக்கிறது. மலத்தில் ரத்தம், காய்ச்சல், எடை சட்டென்று குறைவது என்று ஏதாவது இருந்தால் பத்து நாள் காத்திருக்கவே கூடாது.

நாத்தனார் சொன்னதும், கணவரின் கேக்கும்

தேனைப் பற்றி ஒரே வரி: அதில் இருப்பதும் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும்தான், உங்களுக்கு அது சர்க்கரைக்குச் சமம். ஸ்டீவியா வேறு. அந்த இலையிலிருந்து பிரித்துச் சுத்திகரித்த இனிப்பை நிபுணர் குழுக்கள் ஆராய்ந்து அனுமதித்திருக்கின்றன, நீங்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம். அது இலையிலிருந்து வந்தது என்பதால் அஸ்பார்டேமைவிடப் பத்திரமானது என்று மட்டும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் வரம்பு உண்டு. முன்பக்கம் பச்சை இலைப் படம் போட்ட பல பாக்கெட்டுகளில், திருப்பிப் பார்த்தால் எடையில் பெரும்பகுதி எரித்ரிட்டாலாகவோ டெக்ஸ்ட்ரோஸாகவோ (குளுக்கோஸின் இன்னொரு பெயர்) இருக்கும்.

எரித்ரிட்டால் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், உங்கள் கணவருக்காக. அதுவும் சர்க்கரை ஆல்கஹால்தான், ஆனால் வயிற்றுக்கு அந்தக் குடும்பத்திலேயே சாது. கலோரியும் இல்லாத மாதிரிதான். ஆனால் 2023-ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கைச் சேர்ந்தவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இதயப் பரிசோதனைக்கு வந்தவர்களில், ரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகமாக வந்திருந்தன. நம் உடலே எரித்ரிட்டாலைக் கொஞ்சம் தயாரிக்கும் என்பதால் இதை மட்டும் வைத்துக் குற்றம் சாட்ட முடியாது. ஆனால் அதே ஆய்வில் ஆரோக்கியமான எட்டுப் பேருக்கு 30 கிராம் கொடுத்துப் பார்த்தபோது ரத்தத்தில் அதன் அளவு இரண்டு நாளுக்கும் மேலாக உயர்ந்தே இருந்தது. ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதை அது தூண்டுவதையும் ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள். முடிவான தீர்ப்பு இன்னும் வரவில்லை. ஆனால் ஸ்டென்ட் வைத்தவருக்கு ரத்தம் உறைவதுதான் முக்கியமான கவலை. காபியில் கலக்கும் சிட்டிகை வேறு, ஒரு துண்டு கேக்கில் உள்ளே போகும் 20, 30 கிராம் வேறு. என் வீட்டில் ஸ்டென்ட் வைத்த ஒருவர் இருந்தால் அந்தக் கேக்கை நான் செய்து தர மாட்டேன். உண்மையான சர்க்கரையைப் பாதியாகக் குறைத்து, எப்போதாவது ஒரு சிறு துண்டு போதும். அப்புறம், வீட்டில் நாய் இருந்தால் சைலிட்டால் உள்ள எதையும் அதன் வாய்க்கு எட்டாமல் வையுங்கள், நாய்க்கு அது கொடிய விஷம்.

மகனின் பால்

மகனுக்குப் போடும் மாத்திரையை நிறுத்திவிடுங்கள். ஆபத்து என்று பயந்து சொல்லவில்லை, தேவையே இல்லை என்பதால் சொல்கிறேன். 2023 மே மாதம் உலகச் சுகாதார நிறுவனம் தந்த வழிகாட்டுதல், எடையைக் கட்டுப்படுத்தவும் பின்னால் வரக்கூடிய நோய்களைத் தடுக்கவும் இந்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்கிறது. அது குழந்தைகளுக்கும் பொருந்தும். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்றும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள், ஆகவே உங்கள் காபி வேறு கணக்கு. மகனுக்கு இனிப்பே குறைவாகப் பழக வேண்டும். இந்த வாரம் வழக்கத்தில் பாதி, அடுத்த வாரம் அதிலும் பாதி என்று குறையுங்கள். முதல் சில நாட்கள் முகத்தைச் சுளிப்பான், பிறகு நாக்கு பழகிக்கொள்ளும். உங்கள் காபியிலும் இதையே செய்யலாம். இரண்டு மாத்திரை ஒன்றாகி, ஒன்று பாதியானால் மகளோடு சண்டையும் குறையும்.

ஆக, இனிப்பு மாத்திரை டப்பாவைத் தூக்கிப் போட வேண்டாம். தூக்கிப் போட வேண்டியது தாராளமாகச் சாப்பிடும் அந்தப் பிஸ்கட், சாக்லேட் பழக்கத்தை.

கடிதத்தை மட்டும் வைத்து உங்கள் மருந்தளவை நான் மாற்றக் கூடாது. அதை உங்கள் டாக்டர் இந்த வாரமே செய்ய வேண்டும். எட்டு மாதத்துக்கு முன் நீங்கள் சர்க்கரை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எழுதிய அளவு அது. சர்க்கரையை இப்போது நிறுத்திவிட்டீர்கள், எடையும் குறைக்கப் பார்க்கிறீர்கள். அதே கிளிமிபிரைடு இப்போது உங்களுக்கு அதிகமாக இருக்கலாம். போகும்போது ஒரு வாரத்துக்கு வெறும் வயிற்றிலும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்த அளவுகளைத் தேதியோடு எழுதிக்கொண்டு போங்கள். அந்த 58-ஐ முதல் வரியில் எழுதுங்கள். எத்தனை மணி, அன்று இரவு என்ன சாப்பிடவில்லை, என்ன குடித்தீர்கள், எவ்வளவு நேரம் கழித்துத் தெளிந்தது என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். அவரைப் பார்க்கும்வரை ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூடத் தவிர்க்க வேண்டாம்.